பன்னீர் திராட்சையோடு பழகுங்கள்

அவனியாபுரம் கடைவீதியில் தள்ளுவண்டி நின்றால் கறுப்புத் திராட்சையில் ஒன்றைப் பிய்த்து வாயில் போடுவோம். "புளிக்குதேப்பா" என்று பேரத்தை ஆரம்பிப்போம். விதை இருக்கிறதே என்று பலர் அதை விட்டு, விதையில்லாப் பச்சைத் திராட்சைக்குப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வண்டியில் வாசனை உள்ள பழம் கறுப்பு ஒன்றுதான். உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் ரகம் அது. சாப்பிடவும் ஆகும், சிவப்பு ஒயினுக்கும் ஆகும். நமக்குப் பன்னீர் திராட்சை.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, தேனி, சின்னமனூர் வழியாக நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால் கம்பம் பள்ளத்தாக்கு. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் பாயும் பூமி. அங்கே பந்தல் போட்டு இதை வளர்க்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து மாதம் மாறுவதால் ஏதோ ஒரு பந்தலில் எப்போதும் பழம் இருக்கும். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்த கொடி என்று சொல்வார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சை புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

வாங்கும்போது குலையின் தோளில் இருக்கும் பழத்தைச் சுவைக்காதீர்கள். அது முதலில் பழுப்பது. நுனிப் பழம் இனித்தால் குலை முழுக்க இனிக்கும். செம்பழமாக இருப்பதை வீட்டில் வைத்துப் பழுக்க வைக்கலாம் என்பதும் நடக்காது. கொடியை விட்டு இறங்கிய திராட்சை அதற்கு மேல் பழுக்காது. தோலில் சாம்பல் பூத்த மாதிரி இருப்பதை மருந்து என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது பழமே பூசிக்கொள்ளும் மெழுகு; விரல் படாத குலை என்பதற்கு அடையாளம். அதற்காகக் கழுவாமல் சாப்பிடச் சொல்லவில்லை. தை முதல் நாள் ஜல்லிக்கட்டு முடிந்து வெயில் ஏற ஏற இனிப்பும் கூடும். அடைமழைக் காலத்துப் பழத்தில் வெடிப்பு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது ருசிக்கு வருவோம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பழத்தை மெல்லுங்கள். இனிப்பும் புளிப்பும் மட்டும் தெரியும். மெல்லும்போதே மூக்கை விடுங்கள். ரோஜாவும் தேனும் சேர்ந்த மணம் தொண்டைப் பக்கமிருந்து ஏறி வரும். ஜெரானியால், லினலூல் என்னும் இரண்டு மணப்பொருள்களுக்கு இதில் பெரும் பங்கு. முதலாவது ரோஜாவில் இருப்பது, இரண்டாவது கொத்தமல்லி விதையில் நிறைய இருப்பது. அடுத்த பழத்தை இரண்டு விரலால் அமுக்கினால் சதை வழுக்கி வெளியே வரும். சதையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் மெல்லுங்கள். சதை வெறும் இனிப்பு. நிறமும் துவர்ப்பும் தோலில். கடைசியாக ஒரு விதையைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. சிவப்பு ஒயின் என்பதே சாற்றோடு தோலையும் விதையையும் ஊறவிட்டுப் புளிக்கவைப்பதுதான். இந்த மூன்றையும் தனித்தனியே ருசித்தவருக்கு எந்தச் சிவப்பு ஒயினும் அந்நியமாக இருக்காது.

பன்னீர் திராட்சையின் ஒயின் கருஞ்சிவப்பாக இருக்காது. நிறம் இளசு, துவர்ப்பு மெலிசு, மணம் தூக்கல். இனிப்பாகச் செய்வதே வழக்கம். கலிஃபோர்னியாவில் குவாடி என்ற ஒயின் ஆலை இதே திராட்சையில் எலிசியம் என்னும் இனிப்பு ஒயின் செய்கிறது. பிரான்ஸின் வாந்தூ மலைப் பக்கத்தில் இதையே சாப்பாட்டுப் பழமாக, ஊர்ப் பெயரோடு பெருமையாக விற்கிறார்கள்.

சாப்பாட்டோடு சேர்ப்பதில் மதுரைக்காரர்கள் முதலில் பார்க்கவேண்டியது காரம். ஒயினில் மதுச்சத்து ஏற ஏற மிளகாயின் எரிச்சல் கூடும், துவர்ப்பும் அதைக் கிளறிவிடும். இனிப்புதான் அடக்கும். அதனால் பரோட்டா சால்னாவுக்கும் கறி தோசைக்கும் மதுச்சத்து குறைந்த, இனிப்பான பன்னீர் திராட்சை ஒயின் பொருந்தும். மசாலாவில் வறுத்து அரைத்த கொத்தமல்லியின் மணம் ஒயினில் இருக்கும் அதே மணத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். மிளகு தூக்கலான மட்டன் சுக்காவுக்கு மட்டும் வேறு ரகம் சொல்வேன்: நாசிக் பக்கத்து ஷிராஸ். அதில் வரும் மிளகு வாசத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் மிளகிலும் இருப்பதை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அயிரை மீன் குழம்பின் புளிக்கு முன்னால் இரண்டுமே எடுபடாது. ஜிகர்தண்டாவோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். உணவு ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் புளித்துப் போன மாதிரி தெரியும். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்கவேண்டும் என்பது குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது. மதுரை வெயிலில் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

மது வேண்டாதவர்களுக்குச் சாறு இருக்கிறது. கடைகளில் தளதளவெனக் கொதிக்கவிட்டுச் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். நிறம் அள்ளிக்கொண்டு வரும்; மணமெல்லாம் ஆவியாகப் போய்விடும். மிதமான சூட்டில், தோல் நிறம் விடும்வரை மட்டும் வைத்து இறக்கி, விதை நசுங்காமல் கையால் பிசைந்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் விதை உடைந்தால் கசக்கும்.

இதெல்லாம் போக, எனக்கு மிகப் பிடித்தது தயிர் சாதம். பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுக் குழையப் பிசைந்து, கடுகு, இஞ்சி தாளித்து ஆறவிடுங்கள். பழங்களை இரண்டாக வகுந்து, விதையை எடுத்துவிட்டு, சாப்பிடும் நேரத்தில் சேருங்கள். முன்னாலேயே போட்டால் சாதம் ஊதா நிறமாகும், புளிப்பும் ஏறும். தொட்டுக்கொள்ள ஒரு மோர் மிளகாய் போதும்.