ஹாக்கி மட்டையின் நெகிழ்வு எண்: நிறுவனங்களுக்கிடையே ஒப்பிட முடியுமா?

ஹாக்கி மட்டை வாங்கும்போது மாணவர்கள் பெரும்பாலும் நம்புவது அதன்மேல் அச்சிட்ட எண்ணையே. கோவில்பட்டியைப் போல ஹாக்கி வேரூன்றிய ஊர் என்றால், மூத்த ஆட்டக்காரரின் மட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கடலூர் மாவட்டத்தின் குமராட்சி போன்ற ஒன்றியத்திலிருந்து இணையத்தில் மட்டை தேடும் பெற்றோருக்கு அந்த வசதி எளிதில் கிடைக்காது. திரையில் தெரியும் எண்தான் அவர்களுக்கு வழிகாட்டி. அந்த எண் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நெகிழ்வு என்பது என்ன?

மட்டையின் நடுவில் விசை கொடுத்தால் அது சற்றே வளைந்து மீளும். எளிதில் வளைந்தால் நெகிழ்வான மட்டை, வளைய மறுத்தால் விறைப்பான மட்டை. விறைப்பான மட்டை அடியின் வலுவைப் பந்துக்கு நன்கு கடத்தும். ஆனால் வேகமாக வரும் பந்தை நிறுத்தும்போது அது எகிறிப் போகவும் வாய்ப்பு அதிகம். நெகிழ்வான மட்டையில் பந்தை அடக்குவது எளிது, கையில் அதிர்வும் குறைவு. ஆகவே தொடக்க நிலை மாணவர் மிக விறைப்பான மட்டையை வாங்கினால், கூடுதல் விலை கொடுத்துக் கூடுதல் சிரமத்தை வாங்கியவர் ஆகிறார்.

பனி ஹாக்கியின் எண்

நெகிழ்வுக்கு எண் கொடுக்கும் வழக்கம் பனி ஹாக்கியில் வேரூன்றியது. பாவர், சி.சி.எம்., வாரியர், ட்ரூ ஆகிய நிறுவனங்களின் மட்டைகளில் 75, 85, 100 போன்ற எண்கள் இருக்கும். 85 என்றால், தண்டை ஓர் அங்குலம் வளைக்க ஏறத்தாழ 85 பவுண்டு, அதாவது 38.5 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை என்று பொருள். பவுண்டில் கணக்கிட்ட உடல் எடையில் பாதி எண்ணைத் தேர்ந்தெடுப்பது அங்குள்ள வழக்கம். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 77 ஆகும்.

தெளிவான வரையறைபோல் தோன்றினாலும் இதில் ஒரு குறை உண்டு. தாங்கு முனைகளுக்கு இடையே எவ்வளவு தொலைவு, விசை எந்த இடத்தில் என்பவற்றை எண் சொல்வதில்லை. வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 60 அங்குல மட்டையை 56 அங்குலமாக வெட்டினால், வளையும் நீளமும் அதே விகிதத்தில் குறைவதாகக் கொண்டால், விறைப்பு ஏறத்தாழ 23 விழுக்காடு கூடும். 85 என்று வாங்கியது 105 அளவில் நடந்துகொள்ளும். வெட்டாத நீளமும் சோதனை முறையும் வேறுபடும் இரு நிறுவனங்களின் 85-ஐ ஒன்றாகக் கருதுவது இதனால்தான் தவறு.

தரை ஹாக்கியில் கார்பன் விழுக்காடு

நம் ஊரில் ஆடப்படும் தரை ஹாக்கியில் நிலைமை இன்னும் குழப்பமானது. இங்கே நெகிழ்வு எண்ணின் இடத்தைக் கார்பன் விழுக்காடு பிடித்துக்கொண்டது. ஒசாகா நிறுவனத்தின் ப்ரோ டூர் வரிசையில் 100, 70, 40 என்ற எண்கள் கார்பன் அளவைக் குறிப்பவை. கிரேஸ் நிறுவனத்தின் ஜி.ஆர். 10000 போன்ற எண்களோ மாதிரியின் பெயர்கள், அவை கார்பன் அளவுகள் அல்ல. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவருக்கு எண்கள் இருக்கின்றன, ஒப்பீடு இல்லை.

கார்பன் விழுக்காடும் நெகிழ்வின் அளவு ஆகாது. கார்பன் இழையின் யங் குணகம் ஏறத்தாழ 230 கிகா பாஸ்கல், கண்ணாடி இழையினுடையது ஏறத்தாழ 72 என்பது உண்மையே. ஆனால் இழை தண்டின் நீளவாக்கில் கிடந்தால்தான் அந்த விறைப்பு முழுமையாகக் கிடைக்கும். சாய்வாகக் கிடந்தால் வெகுவாகக் குறையும். தண்டின் தடிப்பும் சுவரின் கனமும் பிசினின் தன்மையும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. 50 விழுக்காடு கார்பன் கொண்ட ஒரு மட்டை, 70 விழுக்காடு கொண்ட வேறு நிறுவன மட்டையைவிட விறைப்பாக அமைய முடியும்.

விதி அளப்பதும் அளக்காததும்

சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பின் விதிப்படி மட்டையின் எடை 737 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 51 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள் மட்டை நுழைய வேண்டும். தண்டின் வில்வளைவு 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இவற்றை அளக்கும் முறை ஒன்றே. அதனால் எந்த நிறுவனம் 24 மில்லிமீட்டர் வில்வளைவு என்று சொன்னாலும் அது ஒப்பிடத்தக்க செய்தி. நெகிழ்வுக்கு அத்தகைய பொது அளவுமுறை விதியில் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் விளம்பரம் நுழைகிறது. கார்பன் கூடக் கூட விலையும் கூடுவதால், 'அதிக எண், சிறந்த மட்டை' என்ற எண்ணம் எளிதில் பரவுகிறது.

பள்ளி ஆய்வகத்தில் விடை

இதற்குத் தேவையான சோதனை நம் மாணவர்களுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் வரும் சீரற்ற வளைவுச் சோதனைதான் அது. இரு கத்தி முனைகளின்மேல் அளவுகோலை வைத்து, நடுவில் எடை தொங்கவிட்டு, இறக்கத்தை நகரும் நுண்ணோக்கியால் அளப்பார்கள். இறக்கம் நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் தடிமனின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். தடிமன் 10 விழுக்காடு கூடினாலே அளவுகோலின் விறைப்பு 33 விழுக்காடு கூடிவிடும்.

அளவுகோலின் இடத்தில் ஹாக்கி மட்டையை வைத்தால் போதும். தாங்கிகளின் இடைவெளி, எடை, தட்டைப் பக்கம் இருக்கும் திசை ஆகிய மூன்றும் எல்லா மட்டைகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எடை மட்டும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். இறக்கம் குறைவாக உள்ள மட்டை விறைப்பானது. உடற்கல்வித் துறையும் பொறியியல் புலமும் ஒருங்கே உள்ள சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் இதை மாணவர் ஆய்வுத் திட்டமாகவே செய்து பட்டியல் வெளியிடலாம்.

மதிப்பீடு

நிறுவனங்கள் தரும் எண்கள் முற்றிலும் பயனற்றவை அல்ல. ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசைக்குள் 40-லிருந்து 70-க்கு மாறுகிறவருக்கு அவை நல்ல குறிப்பு. நிறுவனத்தைத் தாண்டியதும் அவை பொருளிழக்கின்றன. எந்த இடைவெளியில், எந்த எடையில் எவ்வளவு வளைந்தது என்று மட்டைமேல் ஒரு வரி அச்சிடுவது நிறுவனங்களுக்குக் கடினமான வேலையல்ல. அது வரும்வரை, தொடக்க நிலை மாணவர்கள் எடை, நீளம், வில்வளைவு ஆகியவற்றை முதலில் ஒப்பிட்டு, கார்பன் எண்ணைக் கடைசியில் பார்ப்பதே நல்லது.