படைப்பாற்றலும் வரையும் உரிமையும்: பப்புன்யா ஓவியங்களை முன்வைத்து
படைப்பாற்றலைத் தனிமனிதப் புதுமையாக மட்டும் வரையறுப்பது எல்லாப் பண்பாடுகளுக்கும் பொருந்துவதன்று. ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்தில் உள்ள பப்புன்யாவில், சடங்கின்பொருட்டு மணலிலும் உடலிலும் வரைந்துவந்த குறிகளைத் தொல்குடி ஓவியர்கள் 1971இல் பலகைகளில் தீட்டத் தொடங்கினர். 1972இல் தமக்கெனக் கூட்டு நிறுவனமும் அமைத்தனர். அங்கு மூதாதையர் கதையை வரையும் உரிமை உறவுமுறைவழி வருவது. உரிமையற்றவர் அதனை வரைதல் மரபுமீறலாகும். இதனை வெறும் மரபுப் பேணலாகக் கொள்வதும் பிழையே. மறைவாகக் காக்கப்பட வேண்டிய குறிகள் அயலார் பார்வைக்கு வந்ததைப் பிற பாலைவனக் குழுவினர் கண்டித்தபோது, ஓவியர்கள் அவற்றை விலக்கியும் புள்ளிகளால் மூடியும் புதிய ஓவியமுறையை உருவாக்கினர். கட்டுப்பாடு இங்குப் படைப்பைத் தடுக்கவில்லை. அதற்கு வடிவம் தந்தது. எனவே ‘எது புதிது?’ என்பதோடு ‘வரையும் உரிமை யாருக்கு?’ என்பதையும் திறனாய்வு வினவ வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.