இறைப்பாட்டும் புதிய அலையும்

பக்திப் பாடல் புதிய மெட்டில் வரும்போதெல்லாம், 'இது வழிபாட்டுக்குத் தகுமா?' என்ற வினாவும் உடன் எழுகிறது. சிங்கப்பூரில் ஓபிர் சாலையில் 1888இல் திறக்கப்பட்ட லூர்து மாதா ஆலயமும், ஷார்ட் ஸ்திரீட்டிலுள்ள தமிழ் மெதடிஸ்த திருச்சபையும் தமிழ் வழிபாடு வேரூன்றிய இடங்கள். இத்தகைய சபைகளில் வளரும் இளைஞர் கீர்த்தனைகளையும் அறிவர். கிடாரும் டிரம்ஸும் முழங்கும் ஆங்கில ராக் பாடல்களையும் அறிவர். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையா என்பதே ஆராயத்தக்கது.

தமிழ் இலக்கியம் இவ்வினாவுக்கு நெடுநாள் முன்பே விடை கூறிவிட்டது. மகளிர் அம்மானை ஆடும்போதும், சுண்ணம் இடிக்கும்போதும், ஊசல் ஆடும்போதும் பாடிய பாட்டு வடிவங்களை மாணிக்கவாசகர் திருவாசகத்தில் இறைவனுக்கு ஆக்கினார். தெருவிலும் முற்றத்திலும் ஒலித்தது திருமுறையாயிற்று.

கிறிஸ்தவத் தமிழில் இதனைச் செய்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் பயின்ற இவர், 1800ஆம் ஆண்டில் 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் பாடினார். குறவஞ்சி அக்காலத்து மக்கள் விரும்பிய ஆடல்நூல். தலைவன் உலா, தலைவியின் காதல், குறத்தியின் குறி, சிங்கனின் பறவை வேட்டை என்பன அதன் உறுப்புகள். சாஸ்திரியார் இவ்வுறுப்புகளை விடாமல் பொருளை மட்டும் மாற்றினார். உலா வருபவர் இயேசு. காதலுறும் தேவமோகினி திருச்சபை. குறி சொல்பவள் விசுவாசம். கண்ணி வைத்துப் பறவை பிடிப்பது நற்செய்தியால் உயிர்களை ஈர்ப்பது. வடிவம் இங்கே வெறும் உறை அன்று. பொருளுக்கு உடம்பாகவே நிற்கிறது. தீர்க்கதரிசனத்தைச் சொல்லக் குறத்தியின் வாயைவிடப் பொருத்தமானது தமிழில் வேறு எது?

ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின், கடல் கடந்த நாட்டில் இதற்கு ஓர் ஒப்புமை தோன்றிற்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த 'டேனியல் ஏமஸ்' என்னும் கிறிஸ்தவ ராக் குழு, 1976இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் அந்நாட்டுக் கிராமியப் பாணியில் பாடியது. 1981இல் வெளியிட்ட 'அலார்மா!' இசைத்தட்டில் 'நியூ வேவ்' எனப்படும் புதிய அலை இசைக்குத் தாவியது. ஸ்பானிய மொழியில் 'அலார்மா' என்றால் எச்சரிக்கை. நறுக்கென வெட்டி வரும் கிடார் ஒலி, படபடக்கும் தாளம், எள்ளல் தோய்ந்த குரல் ஆகியவை புதிய அலையின் இயல்புகள். தன்னிறைவில் உறங்கும் சபையைத் தட்டி எழுப்ப அவ்வியல்புகளையே டெரி டெய்லரும் அவர் குழுவினரும் கருவியாக்கினர். 1983, 1984, 1986 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று இசைத்தட்டுகள் வந்து இத்தொடரை நிறைவு செய்தன. தாலாட்டு மெட்டில் எச்சரிக்கை எடுபடாது. இங்கும் வடிவம் பொருளோடு இணைந்தது.

குறைகளும் உண்டு. 'அலார்மா!'வின் கிண்டல், அமெரிக்கச் சபைகளின் நடைமுறையை அறியாதவர்க்கு எளிதில் எட்டாது. குறவஞ்சியில் வானநூல், பூகோளச் செய்திகளின் பெருக்கம் சில இடங்களில் கவிதையை அமுக்குகிறது. பின்வந்த மிஷனரிமார் சிலர் வழிபாட்டிலிருந்து தமிழிசையை விலக்க முற்பட்டபோது சாஸ்திரியார் துணிந்து எதிர்த்தார். அதே மூச்சில் சாதி வேற்றுமையையும் ஆதரித்து எழுதினார். மெட்டுக்குத் திறந்த கதவை மனிதருக்கு அடைத்தது அவர் வாழ்வின் பெருங்குறை. புதுமையை ஏற்பதனாலேயே ஒருவர் எல்லாவற்றிலும் முற்போக்காளர் ஆகிவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

ஆகவே கிடாரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சத்தக்கது வேறு. ஆங்கில மெட்டை முதலில் வைத்துக்கொண்டு அதனுள் தமிழ்ச் சொல்லைத் திணிக்கும்போது குறில் நெடிலாகிறது, நெடில் குறுகுகிறது. 'மலை' நீண்டு 'மாலை' ஆனால், 'கல்' நீண்டு 'கால்' ஆனால், பாடுவோர்க்குப் பக்தி இருந்தும் பாட்டுக்குப் பொருள் இல்லை. ஆங்கிலமே பள்ளிகளில் முதல்மொழியாக உள்ள சிங்கப்பூரில் இக்கேடு எளிதில் நேரும். தமிழ்ப் பாடலை ரோமன் எழுத்தில் எழுதிப் பாடும் வழக்கத்தில் குறில் நெடில் வேறுபாடு கண்ணுக்கே தெரிவதில்லை. ல, ள, ழ மூன்றும் குழம்பிவிடுகின்றன.

இதற்கு மருந்து தடை அன்று, பயிற்சியே. இளைஞர் கையிலுள்ள கிடாரைப் பிடுங்காமல், பெத்லகேம் குறவஞ்சியின் சிந்துகளை அக்கிடாருடனேயே பாடிப் பார்க்கச் செய்யலாம். சொல்லின் அளவை மெட்டு மதிக்கிறதா, வடிவம் பொருளுக்கு உழைக்கிறதா என்னும் இரு வினாக்களையும் அவர்களே கேட்கப் பழகினால், எந்த அலை வந்தாலும் தமிழ் அதில் மூழ்காது; மிதந்து செல்லும்.