சட்டகமும் ஓவியமே: ஃபொந்தேன்புளோ மரபு

கலைஞர்களைப் போற்றிய பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா (ஆட்சி 1515–1547) என்றதும் லியொனார்டோ டாவின்சிதான் பலருக்கும் நினைவுக்கு வருவார். முதுமையில் அம்புவாஸ் வந்து சேர்ந்த அந்த மேதை, 1519இல் அங்கேயே காலமானார். ஆனால் பிரெஞ்சுக் கலையின் போக்கைத் திருப்பியவர்கள் பின்னால் வந்த இரு இத்தாலியர்கள்: 1530இல் வந்த ரோஸ்ஸோ ஃபியோரெந்தினோ, 1532இல் வந்த ப்ரீமாத்திச்சோ. பாரிசுக்குத் தென்கிழக்கே, வேட்டைக்காட்டின் நடுவே இருந்த ஃபொந்தேன்புளோ அரண்மனைதான் அவர்களுடைய பட்டறை.

அங்குள்ள பிரான்சுவா கூடம் சுமார் 60 மீட்டர் நீளம். சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கச் செதுக்கிய மரப்பலகை. மேலே ஈரச் சுண்ணத்தில் தீட்டிய ஓவியங்கள். ஒரு சுவரில் லில்லிப்பூச் சின்னங்கள் பொறித்த போர்வையோடு யானை நிற்கிறது. மன்னரைக் குறிப்பது அது. ஓவியத்தைச் சுற்றிச் சுதையில் வடித்த ஆள்கள், பழக்கொத்துகள், தோலைக் கத்தரித்துச் சுருட்டிவிட்டாற்போன்ற பட்டைகள். அவை சுவரை விட்டுப் புடைத்து நிற்பதால் கண் முதலில் அங்கேதான் போகிறது. சட்டகம் ஓவியத்துக்கு அடங்கிக் கிடக்க வேண்டும் என்ற நியதியை ரோஸ்ஸோ இங்கே தூக்கி எறிந்துவிட்டார். மரம், சுதை, வண்ணம் மூன்றும் ஒரே பேச்சைப் பேச வேண்டும். இந்த மரபுக்கு அதுவே அளவுகோல் என்பேன்.

ரோஸ்ஸோவின் கை நெருக்கமும் முறுக்கும் கொண்டது. 1540இல் அவர் மறைந்தபின் பொறுப்பேற்ற ப்ரீமாத்திச்சோவின் கை நளினமானது. மன்னரின் காதலியான எத்தாம்ப் சீமாட்டியின் அறையில் அவர் நிறுத்திய சுதைப் பெண்களின் நீண்ட கால்களையும் சிறிய தலைகளையும் பிரெஞ்சுக் கலை நெடுங்காலம் விடவில்லை. 1540களில் வெளியான அச்சுப் படங்கள் வழியே பிரான்சுவா கூடத்தின் சுருள் பட்டைகள் ஐரோப்பாவெங்கும் பரவின.

பின்னாளில், மன்னர் நான்காம் ஹென்றியின் காலத்தில் துய்ப்ரேய், துய்புவா, ஃப்ரெமினே ஆகியோர் தலையெடுத்தார்கள். இவர்களை இரண்டாம் ஃபொந்தேன்புளோ பள்ளி என்பார்கள். தேர்ந்த கைகள்தான், ஆனால் முதல் பள்ளியின் துணிச்சல் அவர்களிடம் இல்லை.

ப்ரீமாத்திச்சோவின் ஆகப்பெரிய படைப்பான யுலிசிஸ் கூடத்தைப் பதினைந்தாம் லூயியின் காலத்தில், 1738இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஃபான் துல்டன் என்ற ஃபிளெமிஷ் ஓவியர் அதன் 58 காட்சிகளைப் படியெடுத்து அச்சிட்டிருந்தார். அங்கே தீட்டியிருந்த ஒடிசியின் கதை அதனால் பிழைத்தது. அந்தக் காட்சிகளைச் சூழ்ந்திருந்த அலங்காரத்தை அவர் படியெடுக்கவில்லை.