மொழியாய்வுக்குப் படியளந்தவர்கள்

ஆட்சிமொழிச் சட்டம் தில்லியில் நிறைவேறியது 1963-இல். திராவிட மொழியியலுக்கென ஓர் உயராய்வு மையத்தைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அமைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு நிதி ஒதுக்கியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். 1965 ஜனவரி 27 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்துத் திரண்ட மாணவர்கள் மீது போலீசார் சுட்டதில் அதே பல்கலைக்கழகத்தின் மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். ஆய்வுக்குப் பணம் தந்தது தில்லி, சுட்டது மாநிலக் காவல்துறை. இரண்டு இடத்திலும் ஆட்சியில் இருந்தது ஒரே கட்சி.

மொழியியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் செய்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மொழிப்போரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு என்று பேசுகிற கணினித் துறையினருக்கு இரண்டுமே தேவைப்படுவதில்லை. ஆனால் பன்னாட்டு அரசியல், மொழியாய்வு, கணினி ஆகிய மூன்றும் நம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் பலமுறை ஒன்றையொன்று தொட்டுச் சென்றிருக்கின்றன. எந்த மொழியை யார் ஆராய்ந்தார்கள் என்பதைவிட, அந்த ஆய்வுக்கு யார் படியளந்தார்கள் என்று கேட்டால் இந்தத் தொடர்பு விளங்கும்.

கடலூருக்கு இது பழைய கதை. 1690-இல் மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை இங்கேதான் இருந்தது. 1783-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்த ஊருக்காக மோதிக்கொண்டார்கள். ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தியைக் கப்பல் கொண்டுவந்து சேர்க்கும்வரை சண்டை ஓயவில்லை. அந்தக் கம்பெனிதான் பிறகு 1812-இல் சென்னையில் தன் அதிகாரிகளுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பிக்கக் கல்லூரி வைத்தது. திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்று கம்பெனி அதிகாரி எல்லிஸ் 1816-இல் எழுதிக்காட்டியது அந்தக் கல்லூரியின் தேவைக்காகத்தான். வரி வசூலிக்க மொழி வேண்டியிருந்தது, மொழியைக் கற்க இலக்கணம் வேண்டியிருந்தது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்துக்கு நாற்பது ஆண்டு முந்தைய செய்தி இது.

1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பல்கலைக்கழகம் நிறுவியபோது படியளக்கும் கை மாறியது, இம்முறை ஒரு வணிகருடைய கை. அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் மட்டக்களப்பு மண்ணின் விபுலானந்த அடிகள். இன்னொரு இலங்கைத் துறவி 1945-இல் அங்கே மாணவராக வந்தார். சங்கப் பாடல்களில் இயற்கை பற்றி ஆய்வேடு எழுதிவிட்டு உலகைச் சுற்றக் கிளம்பிய அவர்தான் தனிநாயகம் அடிகள்.

இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுபவர் அவர். 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். 1956-இல் இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1961-இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1964 ஜனவரியில், தில்லியில் கூடிய கீழைத்தேய ஆய்வாளர் மாநாட்டுக்கு வந்திருந்த அறிஞர்களைச் சேர்த்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைத்தார். பாரிசின் ஃபிலியோசா, பிராகாவின் கமில் சுவலபில், நம் வ.அய். சுப்பிரமணியம் எல்லாரும் அதில் இருந்தார்கள். 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டைத் திறந்துவைத்தவர் மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான். ஒரு நாடும் சொந்தமாக இல்லாத மொழிக்கு இன்னொரு நாட்டின் பிரதமர் விளக்கேற்றினார் என்றால், அடிகளிடம் தூதருக்குரிய திறமை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பாதிரியார் அங்கி அதற்குக் குறுக்கே நிற்கவில்லை, உதவியே செய்திருக்கும்.

ஆய்வை அரசியலிலிருந்து தள்ளிவைக்கலாம் என்று அவர் நம்பினார். மாநாடுகளின் வரிசை அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. 1968-இல் சென்னை மாநாடு அண்ணாவின் ஆட்சிக்கு மணிமகுடமானது. 1970 பாரிஸ் மாநாடு மட்டும் பெரும்பாலும் அறிஞர்களோடு நின்றது. 1974 ஜனவரியில் யாழ்ப்பாண மாநாட்டின் நிறைவுக் கூட்டத்தில் போலீஸ் புகுந்ததும் உயிர்கள் பலியானதும் ஈழ அரசியலின் போக்கையே திருப்பின. சுவலபிலின் கதையும் இதைப் போன்றதே. 1968-இல் சோவியத் டாங்கிகள் பிராகாவுக்குள் நுழைந்த பிறகு செக்கோஸ்லோவாக்கியாவை விட்டுப் போன அவர், மிச்சக் காலத் தமிழாய்வை அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் செய்தார்.

பனிப்போரின் படியளப்பு இன்னும் பெரிது. 1957-இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா அரண்டுபோனது. மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்து, ராக்கெட் விஞ்ஞானத்தோடு அயல்மொழிப் படிப்புக்கும் பணத்தைக் கொட்டியது. சிகாகோ, பென்சில்வேனியா போன்ற இடங்களில் தமிழ் வகுப்புகள் தழைத்ததற்கு இந்தப் பணமும் காரணம். பி.எல். 480 திட்டத்தில் நமக்குக் கோதுமை அனுப்பி, அதற்கு ரூபாயாகப் பெற்ற தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இந்திய நூல்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். கிராமத்து அச்சகத்தில் வெளியான கவிதைப் புத்தகம்கூட அப்படிக் கப்பலேறியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இன்று இணையத்தில் தேடுகிறவர் பெரும்பாலும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில்தான் போய் நிற்கிறார். ரேஷன் கடைக் கோதுமைக்கும் இதற்கும் உள்ள உறவை யாரும் அங்கே எழுதிவைக்கவில்லை.

சிந்து எழுத்தில் கணினி நுழைந்ததும் இதே பத்தாண்டில்தான். மாயா எழுத்தைத் திறந்த யூரி குனோரசோவின் தலைமையில் சோவியத் குழு ஒன்றும், அஸ்கோ பர்போலாவின் ஃபின்லாந்துக் குழு ஒன்றும் 1960களில் தனித்தனியாகக் கணினியில் குறியீடுகளை எண்ணின. இரண்டும் திராவிட மொழி என்ற கருத்துக்கே வந்து சேர்ந்தன. ஐராவதம் மகாதேவன் நேரு நல்கையைப் பெற்று, பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினி உதவியோடு தொகுத்த அடைவு 1977-இல் வந்தது. 417 குறியீடுகள் அதில் உண்டு. இதெல்லாம் எழுத்தே இல்லை என்று 2004-இல் ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்சல் மூவரும் வாதிட்டார்கள். அவர்களில் ஸ்ப்ரோட் கணினி மொழியியலாளர். 2009-இல் கணினி அறிவியலாளர் ராஜேஷ் ராவ், டாட்டா நிறுவனத்தாரும் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தாரும் மகாதேவனும் அடங்கிய குழுவோடு சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் மறுமொழி தந்தார். ஒரு குறிக்கு அடுத்து எந்தக் குறி வரும் என்பதில் எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்பதை அவர்கள் அளந்து பார்த்திருந்தார்கள். 2025 ஜனவரியில் இந்தப் புதிரை விடுவிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று தமிழ்நாட்டு முதல்வர் அறிவித்தார். விடை எதுவாக இருந்தாலும் ஒரு தரப்புக்குக் கசக்கும் என்ற நிலையில், பரிசுத் தொகையைவிட நடுவர்களைத் தேர்வதுதான் சிக்கலான வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஃபின்லாந்து முயற்சியில் ஒரு உபகதை. சிந்து எழுத்துக் கணக்கில் கைகொடுத்த கிம்மோ கொஸ்கென்னியெமி, 1983-இல் சொல்லைப் பகுதி, விகுதி என்று கணினியே பிரிப்பதற்கு ஒரு முறையை வகுத்தார். ஃபின்னிஷ் மொழிக்காகச் செய்தது அது. ஆனால் ஃபின்னிஷும் தமிழைப் போல் ஒட்டுநிலை மொழி. ஒரே வினையடியிலிருந்து ஆயிரக்கணக்கில் வடிவங்கள் கிளைக்கும் மொழிகளுக்கு இந்த வழி பெரிய திறப்பு. அதே பிரச்சினையோடுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் மல்லுக்கட்டினார்கள். அங்கே பொறியியல் துறையினரும் மொழியியல் துறையினரும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை 2009-இல் பன்னாட்டு இதழ் ஒன்றில் வந்தது. தமிழ் ஆவணங்களை அரசியல், விளையாட்டு என்பதுபோல் பொருள்வாரியாகத் தானாகவே பிரிக்கும் வேலை. சொற்கள் எத்தனைமுறை வருகின்றன என்பதை எண்களின் வரிசையாக்கி, செயற்கை நரம்பு வலையமைப்பிடம் கொடுத்தார்கள். இன்றைய கண்ணுக்கு எளிய சோதனைதான். ஆனாலும் மொழியியலறிஞர் அகத்தியலிங்கம் காலத்து இலக்கண மரபும் கணினிக் கூடமும் ஒரே வளாகத்தில் கைகோத்தன என்பது சின்ன விஷயமில்லை. 2012 டிசம்பர் 28 முதல் 30 வரை உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடும் அங்கேயே நடந்தது. நான்கு மாதத்தில், 2013 ஏப்ரலில், நிதி நெருக்கடியால் அரசு நிர்வாக அதிகாரி ஒருவரைப் பல்கலைக்கழகத்துக்கு நியமித்தது. அதே ஆண்டு தனிச் சட்டமும் வந்தது. படியளக்கும் கை மறுபடி மாறியது.

இதற்கிடையில் தமிழைக் கணினியில் ஏற்றியவர்களில் பெரும்பங்கு கடல் கடந்தவர்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கல்யாணசுந்தரம் என்று பெயர்கள் நீளும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. அங்கே அரசின் ஆதரவு தானாகக் கிடைத்தது. மற்ற இடங்களில் இது இரவு நேரச் சொந்தச் செலவு. 1983-க்குப் பின் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர், பேசவும் செய்தி அறியவும் தமிழ் எழுத்துரு வேண்டும் என்று தவித்ததையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போதைய பெருமொழி மாதிரிகளில் பழைய கேள்வி புது உடுப்பில் வருகிறது. 'a' என்ற ஆங்கில எழுத்துக்குக் கணினியில் ஒரு பைட் போதும். 'கொ' என்று எழுத ஆறு பைட் வேண்டும். மாதிரிகள் உரையைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கின்றன. ஆங்கிலம் அதிகம் படித்து வளர்ந்த மாதிரியிடம் தமிழைக் கொடுத்தால் துண்டுகள் பெருகும், துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் சேவையில் தமிழன் அதிகம் கட்டுவான். மாற்றும் முயற்சிகளும் நடக்கின்றன. 2022 ஜூலையில் மெட்டா இருநூறு மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாதிரியை வெளியிட்டது. அதே மாதம் இந்திய அரசு பாஷிணி மொழிபெயர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் 2023-இல் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளுக்கும் மாதிரி தந்தது. நல்ல உழைப்பு. ஆனால் அந்த 22 என்ற எண்ணை மொழியியல் தரவில்லை, அரசியல் சாசனம் தந்தது.

அட்டவணைக்கு வெளியே இருப்பவற்றில் சில, ஒருகாலத்தில் சிதம்பரத்தின் கவனத்தைப் பெற்றவை. 1970-இல் சீனிவாச வர்மா எழுதிய வாக்ரி போலி இலக்கணத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நரிக்குறவர் வீட்டில் பேசும், குஜராத்திக்கு நெருக்கமான மொழி அது. அதே பத்தாண்டில் இருளம், தோடா, குடகு மொழிகளின் ஒலியியலும் சொற்பட்டியலும் அங்கிருந்து வந்தன. இருளம் என்றது மேற்கு மலைப்பக்கத்து இருளரின் பேச்சை. கடலூர்ப் பக்கம் வாழும் இருளர் பேசுவது பெரும்பாலும் தமிழின் ஒரு வழக்கு. இந்த வேறுபாட்டைக்கூட இன்றைய தரவுத் தொகுப்பாளர்கள் கவனிப்பார்களா என்பது சந்தேகம்.

நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மக்களுக்குப் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது, அவர்கள் மொழிக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை. அந்த 1970 நூலைக் கணினி படிக்கும் வடிவில் ஏற்றவும், இன்றைய பேச்சைப் பதிவுசெய்து அதோடு ஒப்பிடவும் பெரிய நிறுவனம் தேவையில்லை. ஓரிரு ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை இருந்தால் போதும். அந்தச் சமூகத்திலிருந்தே ஒருவர் அதைப் பெற்றால் இன்னும் நல்லது. அதற்கு முன் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. பாசிமணி விற்கும் பெண் தன் மொழியில் சொன்ன கதையைப் பதிவுசெய்து ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் மாதிரிக்குப் பயிற்சியாகக் கொடுத்தால், அதற்கான ஒப்புதலை யார் எந்த மொழியில் கேட்பது, கிடைக்கும் காசில் அவளுக்கு எவ்வளவு? இதற்கு மொழியியல் துறை மட்டும் விடை காணமுடியாது. அதே வளாகத்து அரசியல் அறிவியல் துறையும் கணினித் துறையும் உடன் உட்கார வேண்டும்.