தெரிவும் எல்லையும்: பாப்பரசர் பதவி பற்றி மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

பாப்பரசர் பதவியைப் பற்றி நம்மிடையே இருவேறு கருத்துக்கள் நிலவுகின்றன. அவர் நினைத்ததையெல்லாம் சட்டமாக்க வல்ல தனியாட்சியாளர் என்பர் ஒரு சாரார். அவர் மொழிவன யாவும் பிழையற்றவை என்பர் மற்றொரு சாரார். முன்னையது புறத்தே நின்று பழிப்போர் கூற்று. பின்னையது அகத்தே நின்று வணங்குவோர் கூற்று. ஒன்றுக்கொன்று முரணானவைபோலத் தோன்றினும், அப்பதவிக்கு எல்லை இல்லை எனக் கொள்வதில் இவ்விரண்டும் ஒன்றுபடுகின்றன. எல்லை உண்டு. ஆயின், அது நாம் வழக்கமாகத் தேடும் இடத்தில் இல்லை. நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களை உள்ளடக்கிய கண்டி மறைமாவட்டத்தின் வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு இதனை ஆராயலாம்.

முதற்கண் தெரிவு முறையை நோக்குவோம். உரோமையின் ஆயரைத் தெரிவு செய்வதில் முதலிடம் கர்தினால்மாருக்கு உரியது என 1059 இல் இரண்டாம் நிக்கலஸ் விதித்தார். மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டுமென 1179 இல் மூன்றாம் லாத்தரன் சங்கம் வகுத்தது. 1268 முதல் 1271 வரை பதவி வெறுமையாய்க் கிடந்த அனுபவத்தின் பின்னர், வாக்களிப்போரை அடைத்துவைத்துத் தெரிவு நடத்தும் விதி 1274 இல் எழுந்தது. எண்பது வயதைக் கடந்தோர் வாக்களித்தலாகாது என 1970 இல் ஆறாம் பவுல் ஆணையிட்டார். 1975 இல் வாக்காளர் தொகையை 120 என வரையறுத்தார். எனினும், 2025 மே 8 ஆந் திகதி பதினான்காம் லியோவைத் தெரிந்தவர்கள் 133 பேர். விதியை ஆக்கும் அதிகாரம் உடையவரே அதற்கு விலக்களிக்கவும் வல்லவர் என்பது இதனாற் புலப்படும்.

தமிழ் மாணவர் சிலர் இம்முறையை உத்தரமேரூர்க் குடவோலையோடு ஒப்பிட்டு மகிழ்வதுண்டு. வயதெல்லை இரண்டிலும் உண்டு என்பது மெய்யே. ஆயின் ஒப்புமை அவ்வளவில் நின்றுவிடுகின்றது. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, வாரியப் பொறுப்பை ஓராண்டுக்கே வழங்குகின்றது; கணக்குக் காட்டாதவனை மட்டுமன்றி அவன் உறவினரையும் விலக்கிவைக்கின்றது. அங்கு அதிகாரத்தின் எல்லை காலமும் கணக்குமாம். பாப்பரசருக்கோ இவ்விரண்டும் இல்லை. அவரை விசாரிக்கும் மன்றம் உலகில் இல்லையெனத் திருச்சபைச் சட்டம் கூறுகின்றது. அவர் தாமாகப் பதவி துறக்கலாம். 2013 இல் பதினாறாம் பெனடிக்ட் துறந்தார். துறக்குமாறு பணிப்பார் எவருமிலர்.

அங்ஙனமாயின் எல்லை யாது? 1870 ஆம் ஆண்டின் வத்திக்கான் சங்கப் பிரகடனத்தைப் பலரும் வரம்பற்ற அதிகாரத்தின் சாசனமாகவே படிக்கின்றனர். அதன் வாசகத்தை ஊன்றிப் படிப்பார்க்கு அது வரம்பு கட்டும் சாசனமாகவும் தோன்றும். விசுவாசமும் ஒழுக்கமும் பற்றிய பொருளில், திருச்சபை முழுமைக்கும் உரிய ஆசிரியர் என்ற நிலையில், இறுதித் தீர்ப்பாக அவர் உரைக்கும்போது மட்டுமே வழுவாமை உண்டு என்கின்றது அது. புதுக் கோட்பாட்டைப் படைத்தல் அவர் பணியன்று. பெற்றதைக் காத்தலே பணி. அப்பிரகடனத்தின் பின்னர் அவ்வகைத் தீர்ப்பு ஐயத்துக்கிடமின்றி ஒருமுறையே வழங்கப்பட்டது. மரியாளின் விண்ணேற்பு பற்றிய 1950 ஆம் ஆண்டுத் தீர்ப்பே அது. ஏனைய சுற்றுமடல்கள், சொற்பொழிவுகள் ஆகியன மதித்தற்குரியனவே. வழுவாதன என்னும் தகுதி அவற்றுக்கு இல்லை.

இவை ஏட்டில் உள்ள எல்லைகள். வாழ்க்கையில் உள்ள எல்லையை மலையகம் காட்டுகின்றது. 1878 இல் தெரிவான பதின்மூன்றாம் லியோ, தமக்கென ஆள ஓர் அரசு இல்லாத நிலையிற் பதவியேற்றவர். அவருடைய செயல்கள் மூன்று நமக்கு முக்கியமானவை. 1886 இல் கண்டி மறைமாவட்டத்தை நிறுவினார். 1893 இல் கண்டியை அடுத்த அம்பிட்டியாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்குமான பாப்பரசர் குருமடம் அவர் முயற்சியால் தொடங்கிற்று. இவ்விரண்டுக்கும் இடையே, 1891 இல், தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார்.

முதலிரண்டும் நிறைவேறின. அவற்றுள்ளும் முதலாவது எளிதில் அமைந்ததன்று. கீழைத்தேயங்களில் ஆயர்களை நியமிக்கும் உரிமையை முன்னைய பாப்பரசர்களே போர்த்துக்கல் மன்னருக்கு ஈந்திருந்தனர். கொடுத்ததை மீட்கப் பல்லாண்டுகள் பிணங்கி, 1886 யூன் மாதத்தில் உடன்படிக்கை செய்துகொண்ட பின்னரே செப்டெம்பரில் மறைமாவட்டங்களை வகுக்க இயன்றது. ஒரு பாப்பரசரின் கையை மற்றொரு பாப்பரசர் கட்டிவைக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது செயலுக்கு நேர்ந்தது யாது? இருசாராரும் உடன்பட்டனர் என்பதனால் மட்டும் ஒரு கூலி நீதியான கூலி ஆகிவிடாது. உழைப்பவனின் வாழ்வுக்கு அது போதுமானதாயிருத்தல் வேண்டும். தொழிலாளர் சங்கம் அமைத்தல் அவர்தம் இயல்பான உரிமை என்றெல்லாம் அச்சுற்றுமடல் வலியுறுத்திற்று. அன்றைய மலையகத்தில் கோப்பி அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்தது. 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் தண்டனைக்குரிய குற்றம். துண்டு முறையால் தொழிலாளியின் கடன் அவனுக்கு முன்னே அடுத்த தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெரட்டுக்களத்தில் துரையின் சொல்லே சட்டம். லயத்தில் கங்காணியின் சொல்லே சட்டம். உரோமையிலிருந்து வந்த சொல்லுக்கு அங்கு நிறைவேற்றுவார் இல்லை. துண்டு முறையை ஒழித்தது 1921 ஆம் ஆண்டுச் சட்டம்; குறைந்தபட்சக் கூலிக்கு வழிவகுத்தது 1927 ஆம் ஆண்டுச் சட்டம்; சங்க உரிமையை நடைமுறையாக்க 1931 இல் ஹற்றனில் முனைந்தவர் கோ. நடேசய்யர். 1948 இல் குடியுரிமையும் தொடர்ந்து வாக்குரிமையும் பறிக்கப்பட்டபோது, நாட்டின் தேர்தலிலும் குரலற்றோராயினர் இம்மக்கள்.

ஆகவே, பாப்பரசரின் அதிகாரம் நியமிக்குமிடத்தில் மிகப் பெரிது. நீதி கேட்குமிடத்தில் மிகச் சிறிது எனல் பொருந்தும். அதன் வன்மையை உணர்பவர் உள்ளிருப்பவரே. மரியாளையும் மனித விடுதலையையும் பற்றி 1990 இல் நூலெழுதிய இலங்கைக் குருவானவர் திஸ்ஸ பாலசூரிய 1997 சனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற தீர்ப்பாதலின் மேன்முறையீடு பயனற்றதாயிற்று. ஓராண்டின் பின் இணக்கம் ஏற்பட்டு விலக்கு நீக்கப்பட்டது. ஓர் இறையியலாளரின் ஏட்டை நிறுத்த வல்ல கை, தோட்டத்துச் செக்றோலில் ஒரு வரியை மாற்ற வல்லதாய் இருந்ததில்லை. இதனைக் குறைகூறலாகவன்றி அவ்வதிகாரத்தின் இயல்பாகவே கொள்ளுதல் வேண்டும். வாளற்ற அதிகாரம், தன்னை ஏற்றுக்கொண்டோரையே கட்டுப்படுத்தும்.

இதனாற் சுற்றுமடல் வீணாயிற்று என முடிவுசெய்தல் தவறாகும். ஆணையாகச் செல்லாத சொல், ஆள் கிடைக்குமிடத்தில் கருவியாகச் செல்லும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர், 1972 இல் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தை அமைத்த இயேசுசபைக் குருவானவர் போல் காஸ்பர்ஸ், தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகப் பல்லாண்டுகள் எழுதியும் உழைத்தும் வந்தார். அதே ஆண்டில் கண்டி ஆயர் லியோ நாணயக்கார, புதிதாய் அமைந்த பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயராகச் சென்றார். பாப்பரசர் சொல்லின் வலு அச்சொல்லை இம்மண்ணில் எடுத்துநிற்போரின் வலுவே என்பதை இத்தகையோர் பணி உணர்த்துகின்றது.

இலங்கையின் முதற் கர்தினால் தோமஸ் கூரே 1978 இன் இரு தெரிவுகளிலும் வாக்களித்தார். 2013 இலும் 2025 இலும் கர்தினால் மல்கம் றஞ்சித் வாக்களித்தார். தீவின் குரல் அம்மண்டபத்துள் நுழைந்துவிட்டது. கொழுந்து பறிப்போரின் குரல் அங்கு நேரே நுழைய வழியில்லை. பதின்மூன்றாம் லியோவை நினைந்தே அப்பெயரைத் தாம் பூண்டதாக இன்றைய பாப்பரசர் கூறியுள்ளார். அங்ஙனமாயின் 1891 ஆம் ஆண்டுச் சுற்றுமடலும் அவருக்குரிய மரபுச் செல்வம். தம்மைத் தெரியாதோர்க்கும் தாம் பொறுப்புடையவர் என்பதை ஒப்புக்கொள்ளும் அளவிலேயே தெரிவு செய்யப்பட்டவரின் அதிகாரம் அறம் ஆகின்றது. பாப்பரசரைப் பற்றி நாம் கேட்கவேண்டிய வினா இதுவே. தொழிற்சங்கத் தலைவரையும் பாராளுமன்ற உறுப்பினரையும் பற்றிக் கேட்கவேண்டிய வினாவும் இதுவே.