இரண்டரை வயதில் என்ன சாதித்திருக்க முடியும்?

ஒரு குழந்தை இறந்துபோனால் இரங்கல் எழுதுகிறவருக்கு ஒரு சிக்கல் வந்துவிடும். பெரியவர் என்றால் சொல்ல நிறைய இருக்கும். பார்த்த வேலை, வளர்த்த பிள்ளைகள், செய்த உதவி. குழந்தைக்கு என்ன சொல்வது? "இருந்திருந்தா டாக்டர் ஆகியிருப்பா", "அந்த வயசுலயே என்னா அறிவு" என்று ஆரம்பித்துவிடுகிறோம். இழப்பு பெரியது என்று காட்டுவதற்காகக் குழந்தையையே கொஞ்சம் பெரிய ஆளாக்கிவிடுகிறோம். இதே சிக்கலில் மாட்டிக்கொண்டு, பாதி வழியில் வெளியே வந்த ஒரு கவிஞர் இருக்கிறார். போலந்தின் யான் கொஹனோவ்ஸ்கி.

1580-ல் கிராக்கோவில் அச்சான அவருடைய 'த்ரெனி' என்ற நூலில் 19 புலம்பல்கள். எல்லாமே இரண்டரை வயதில் இறந்த மகள் உர்சுலாவுக்காக. அப்போதே அவர் பெரிய பெயர். இத்தாலியின் பதுவாவில் படித்தவர், அரசரின் செயலராக இருந்தவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் பைபிளின் சங்கீதங்களைப் போலிஷ் மொழியில் கவிதையாக்கி வெளியிட்டிருந்தார்.

அவர் கற்ற ஐரோப்பிய மரபில் இரங்கற்பா பெரும்பாலும் பெரிய மனிதர்களுக்கு உரியது. நம் புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களும் மன்னர்களுக்கும் வள்ளல்களுக்கும்தானே. முதலில் புகழ், பிறகு இழப்பின் அளவு, பிறகு அழுகை, கடைசியில் ஆறுதல் என்று அந்த மரபில் ஒரு வரிசையும் உண்டு. பெரியவர்களுக்குத் தைத்த சட்டையை ஒரு சின்னப் பிள்ளைக்குப் போட்டுவிட்டார் கொஹனோவ்ஸ்கி. அது பொருந்தவில்லை. பொருந்தாத இடங்களை அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆறாம் கவிதையைப் பாருங்கள். அதில் உர்சுலா ஸ்லாவிய நாட்டு சாஃபோ ஆகிவிடுகிறாள். அப்பாவின் யாழுக்கு அவள்தான் வாரிசு. நாள் முழுக்கப் புதுசு புதுசாகப் பாட்டுக் கட்டுகிறாள். படிக்கும்போதே நமக்குத் தோன்றும், இரண்டரை வயசுலயா? மழலையில் எதையோ பாடித் திரிந்த பிள்ளையை அப்பா கவிஞராக்கப் பார்க்கிறார். மரபு கேட்கும் புகழுரையைக் கொடுத்தாக வேண்டும் என்ற பதற்றம் அது. பாசத்தைச் சந்தேகிக்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கே உர்சுலாவின் முகம் தெரிவதில்லை, அவளுக்குக் கொடுத்த சான்றிதழ்தான் தெரிகிறது.

ஏழாவதில் புகழுரையே கிடையாது. அவள் துணிமணிகள் கிடக்கின்றன, கவிஞர் அவற்றோடு பேசுகிறார், அவ்வளவுதான். மகள் கல்யாணத்துக்கு அம்மா நினைத்திருந்தது வேறு, கடைசியில் உடுத்தி அனுப்பியது ஒரு சின்னச் சட்டை. எட்டாவதில் வீடு வருகிறது. ஓடி, பாடி, கட்டிப்பிடித்து மூலைமுடுக்கெல்லாம் நிறைத்த ஒரு சின்ன உருவம் போனதும் வீடு எவ்வளவு பெரிசாகிவிடுகிறது! இங்கே அளவுகோலே மாறிவிட்டது. இறந்தவள் எவ்வளவு பெரியவள் என்று யாரும் கேட்பதில்லை. அவள் விட்டுப்போன இடத்தின் அளவுதான் கேள்வி.

அதன்பிறகு படித்த படிப்பும் சேர்ந்து ஆட்டம் காண்கிறது. ஒன்பதாவதில் தத்துவ ஞானம் கைவிடுகிறது. பத்தாவதில் தேவதூதர்களின் கூட்டம், கிரேக்கக் கதைகளின் இன்பத் தீவு, உத்தரிக்கும் ஸ்தலம் என்று இடம் இடமாக மகளைத் தேடுகிறார். கடைசியில் எங்காவது இருக்கிறாளா என்பதே சந்தேகமாகிவிடுகிறது. சங்கீதங்களைப் பாடிய அதே கை எழுதியது இது. பதினாறாவதில் சிசரோவைக் கூண்டில் ஏற்றுகிறார். ஊருக்கெல்லாம் மன அமைதியைப் போதித்தவர் சொந்த மகள் செத்தபோது மட்டும் ஏன் உடைந்துபோனார்?

கடைசிக் கவிதைதான் நூலிலேயே நீளமானது. கவிஞரின் இறந்துபோன தாய், பேத்தியைக் கையில் ஏந்திக்கொண்டு கனவில் வருகிறாள். உலகத்தின் துன்பங்களிலிருந்து குழந்தை தப்பித்தாள் என்று மகனுக்கு விரிவாக எடுத்துச் சொல்கிறாள். இவ்வளவு கேள்வி கேட்டுவிட்டு இந்த வழக்கமான ஆறுதலில் போய் முடிவதா என்று ஒருவர் கேட்கலாம். வாதமாக எடுத்துக்கொண்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டியின் பேச்சைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பேத்தியைப் பாருங்கள். வெள்ளைச் சட்டை, சுருண்ட முடி, சிவந்த முகம், சிரிக்கக் காத்திருக்கும் கண்கள். காலையில் எழுந்ததும் ஜெபம் சொல்ல அப்பாவிடம் வருவாளே, அதே கோலம். அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கையில் யாழ் இல்லை. சாஃபோ எங்கேயோ போய்விட்டாள். ஏழாவதில் உடுத்த ஆளில்லாமல் கிடந்தன உடைகள், இங்கே ஒரு சட்டைக்குள் குழந்தை வந்துவிட்டது. என்னைத் தேற்றியது பாட்டியின் வாதங்களைவிட அந்தச் சட்டைதான்.

ஸ்தானிஸ்லாவ் பரான்சாக்கும் ஷேமஸ் ஹீனியும் சேர்ந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1995-ல் வந்தது. கிடைத்தால் ஆறாவதையும் ஏழாவதையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒரு குழந்தைக்கு இரங்கல் எழுத நமக்கு நேராமலே இருக்கட்டும். நேர்ந்தால், என்னவாகியிருப்பாள் என்பதை விட்டுவிடலாம். காலையில் தூங்கி எழுந்து எப்படி வருவாள் என்று எழுதலாம்.